அலை உடையாத இடத்தில் இறங்கிய 19 வயது இளைஞர்: ஆற்று முகத்துவாரக் கடற்கரையில் ஒரு மீட்பு

காவிரிப் படுகையில் வளர்ந்த பையன்களில் நீச்சல் தெரியாதவர்கள் குறைவு. வாய்க்கால் மதகு, கோயில் குளம், ஆற்றுப் படித்துறை என்று எங்காவது பழகியிருப்பார்கள். கடலில் மூழ்கி எங்கள் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிலும் இவர்களை நிறையவே பார்க்கிறேன். நீச்சல் தெரியும் என்ற துணிச்சலில் இடுப்பளவைத் தாண்டிப் போகிறவர்கள் இவர்கள்தான். அப்படிப்பட்ட ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன். அவர் பிழைத்துவிட்டார். அவரும் குடும்பத்தாரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆள் பெயரையும் கடற்கரையின் பெயரையும் மட்டும் தவிர்த்திருக்கிறேன். நாகூரில் வெட்டாறு, காரைக்காலில் அரசலாறு, வேளாங்கண்ணிக்குத் தெற்கே செருதூரில் வெள்ளையாறு, பூம்புகாரில் காவிரி என்று நம் கரை நெடுக ஆறுகள் கடலில் சேர்கின்றன. இவற்றில் எந்த இடத்திலும் இது நடக்கலாம்.

நடந்தது

ஆடி அமாவாசைக்கு மறுநாள். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்துக் கடலாட வந்திருந்தது. பெரியவர்கள் தலைமுழுகிக் கரையேறி, புளிசாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஐந்து பேர் தண்ணீரை விட்டு வரவில்லை. ஐடிஐ படிக்கும் 19 வயது இளைஞரும் 22 வயதான அவருடைய பெரியப்பா மகனும் மூத்தவர்கள். மற்ற மூவரும் சிறியவர்கள்.

முதலில் அவர்கள் குளித்தது அலை நன்றாக உடைகிற இடத்தில். சின்னவர்களை அலை புரட்டிப் புரட்டிப் போட்டது. அதனால் வடக்கே நகர்ந்தார்கள். அங்கே ஆற்று வாயின் தெற்குக் கரையை ஒட்டி, கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவு ஒன்று இருக்கிறது. "அங்க அலையே இல்ல டாக்டரம்மா. சின்னப் பசங்களுக்கு அதான் நல்லதுன்னு நெனச்சோம்" என்றார் பெரியப்பா மகன். அந்த ஐந்து பேரையும் அலட்சியக்காரர்கள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். தம்பிகளின் பாதுகாப்பை நினைத்துத்தான் அந்த இடத்துக்குப் போனார்கள்.

நேரக் கணக்கைக் கைபேசிகளில் பதிவான அழைப்புகளையும், ஒரு பையன் எடுத்திருந்த வீடியோவையும் வைத்துக் கோத்திருக்கிறேன். பகல் 12:13க்குச் சற்று முன் அந்த 19 வயது இளைஞர் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். கால் தரையை விட்டது. உடனே கரையைப் பார்த்து நேராக நீந்தத் தொடங்கினார். ஊர்க் குளத்தை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கடக்கிறவர் அவர். இங்கே அடிக்க அடிக்கக் கரை தள்ளிப் போனது. அரை நிமிடத்தில் மூச்சு வாங்கியது, கை ஓய்ந்தது.

கவனித்தது 15 வயதுத் தம்பி. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணன் கத்தவே இல்லக்கா. வாய் தண்ணி மட்டத்துல இருந்துச்சு. கையை ரெண்டு பக்கமும் அமுக்கி அமுக்கி மேல வரப் பாத்தாரு. வெளையாடுறாருன்னு நெனச்சேன். கண்ணு மேல போனதப் பாத்ததும்தான் பயந்தேன்." பாடப்புத்தகத்தில் இருப்பதை அந்தப் பையன் தன் வார்த்தையில் சொல்லியிருக்கிறான். மூழ்குகிறவர் கையை ஆட்டி, 'காப்பாத்துங்க' என்று கத்துவது சினிமாவில்தான். நிஜத்தில் வாய் மேலே வருகிற நொடியில் மூச்சிழுக்க மட்டுமே நேரம் இருக்கும், குரல் எழாது. இந்தப் போராட்டம் பெரும்பாலும் 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும். பத்தடி தூரத்தில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் போவது இதனால்தான்.

கேன்

பெரியப்பா மகன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயப் போனார். கல்மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "நில்லு தம்பி! நீயும் போனா ரெண்டு பேரைத் தேடணும்." பக்கத்தில் மூடி இறுக்கிய காலி வெள்ளைக் கேன் கிடந்தது, 20 லிட்டர் பிடிப்பது. அதன் கைப்பிடியில் நைலான் கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கல் வழியே நுனிவரை ஓடவில்லை அவர். பாதியிலேயே நின்று, கல்லை ஒட்டி ஓடுகிற தண்ணீரில் போட்டுக் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். எந்த நீரோட்டம் பையனைக் கொண்டுபோனதோ அதே நீரோட்டம் கேனையும் அவரிடமே கொண்டுபோய்ச் சேர்த்தது. குறி பார்த்து எறிந்திருந்தால்கூட அவ்வளவு சரியாகப் போயிருக்காது.

இளைஞர் கேனைக் கட்டிப்பிடித்தார். கல்லில் மோதி உடம்பு கிழியும் என்பதால் கயிற்றை உடனே இழுக்காமல், ஆற்றுக்குள் கட்டியிருந்த ஃபைபர் படகை எடுக்க ஆள் அனுப்பினார்கள். மூன்று நிமிடம்போலத் தாக்குப்பிடித்தார். அதற்குள் நிறையத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. படகு நெருங்குவதற்குச் சற்று முன் கை நழுவியது. முகம் கவிழ்ந்த நிலையில் தூக்கினார்கள். 12:22க்குக் கரை சேர்ந்தபோது மூச்சில்லை. உதடு கறுத்திருந்தது. வாயிலும் மூக்கிலும் நுரை.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வயிற்றை அமுக்கினார். இன்னொருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றப் போனார். அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது, பக்கத்து மீனவர் தெருவைச் சேர்ந்த நர்சிங் மாணவி. "சுத்தாதீங்கண்ணே, கீழ போடுங்க! மூச்சு குடுக்கணும்" என்று சத்தம் போட்டு, மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஊதினார். நுரை வந்துகொண்டே இருந்தது. அதைத் துடைப்பதில் நேரத்தைச் செலவிடவில்லை. ஐந்தாவது மூச்சுக்குப் பிறகு இளைஞர் விக்கி, இருமி, தானாக ஒரு மூச்சு இழுத்தார். கழுத்தில் நாடி துடித்துக்கொண்டிருந்தது. அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, 108 வரும்வரை அந்தப் பெண் அவருடைய தலையை விடவே இல்லை.

என் கணக்கில் இந்த இளைஞரின் உயிர் காப்பாற்றப்பட்டது அந்த மணலில்தான். மருத்துவமனையில் நாங்கள் செய்தது பிற்பாடு வந்த வேலை.

மருத்துவமனையில்

12:58க்கு வந்தார். கூப்பிட்டால் கண் திறந்தார், பேச்சு குழறியது. நிமிடத்துக்கு 34 மூச்சு. ரத்த ஆக்சிஜன் 82 விழுக்காடு. ரத்த அழுத்தம் 110/70. இரண்டு நுரையீரலிலும் கொரகொரப்பு. எக்ஸ்ரேயில் இருபுறமும் வெண்திட்டுகள். முகமூடி வழியாக முழு அளவு ஆக்சிஜன் தந்தும் 90ஐத் தாண்டவில்லை என்பதால், அழுத்தத்துடன் காற்று செலுத்தும் சிபாப் கருவியில் போட்டோம். ஆறு மணி நேரத்தில் 96க்கு ஏறியது. மறுநாள் காலை கருவியை எடுத்தோம். காய்ச்சலோ தொற்றின் அறிகுறியோ இல்லாததால் ஆன்டிபயாட்டிக் தரவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போனார்.

நுரையீரலுக்குள் போகும் உப்புத் தண்ணீர் பெரும்பாலும் குடம் குடமாக இருப்பதில்லை. கொஞ்சம் போனாலே போதும், காற்றுப்பைகள் சுருங்காமல் காக்கும் வழவழப்பான படலத்தை அது கெடுத்துவிடும். வயிற்றை அமுக்கினால் வருவது வயிற்றில் இருக்கும் தண்ணீர். அதுவும் மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் புகுந்தால் நிலைமை மோசமாகும். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் அப்படித்தான். அந்த அரை நிமிடம் வீண்.

மூழ்கியவர்களை ஆறு படிகளாகப் பிரிக்கும் முறையைப் பிரேசில் மருத்துவர் ஸ்பில்மன் 1997இல் வெளியிட்டார். மூச்சு நின்று இதயம் ஓடிக்கொண்டிருப்பது ஐந்தாம் படி. அவருடைய ஆய்வில் அதில் இறந்தவர்கள் 44 விழுக்காடு. இதயமும் நின்றுவிட்டால் ஆறாம் படி, அங்கே 93 விழுக்காடு. ஐந்திலிருந்து ஆறுக்குப் போக அதிக நேரம் ஆகாது. அதைத் தடுக்கும் வழி மூச்சு ஊதுவது. மாரடைப்பில் இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்துவதுதான் முதல் வேலை. மூழ்கியவருக்கோ பற்றாக்குறை ஆக்சிஜன் என்பதால் முதலில் மூச்சு. ஐரோப்பிய நெறிமுறை ஐந்து மூச்சு என்கிறது, அமெரிக்க நெறிமுறை இரண்டு. எதைப் பழகியிருந்தாலும் சரி. அதற்கும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

அன்று கூட வந்த இன்னொரு பையனும் தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருந்தான். "இவனுக்கு ஒண்ணுமில்லீங்களே" என்று வீட்டார் கூட்டிப்போகப் பார்த்தார்கள். ஆறு மணி நேரம் வைத்திருந்து, இருமல் அடங்கி, ஆக்சிஜன் சீராக இருப்பதைப் பார்த்த பிறகே அனுப்பினேன். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறுவது சில மணி நேரம் கழித்துத் தெரியவரலாம். இருமிக்கொண்டிருப்பவரை வேனில் ஏற்றி ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

அலை ஏன் இல்லை

இந்தச் சம்பவத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆழம் குறைந்த மணல்திட்டின் மேல் அலை உடையும். ஆழமான வாய்க்காலின் மேல் உடையாது. கரைக்கு ஏறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்ப வேண்டும். அது அந்த ஆழமான வாய்க்கால் வழியாகத்தான் திரும்புகிறது. ஆக, கரையிலிருந்து பார்க்க அமைதியாகத் தெரியும் அந்த இடைவெளிதான் இழுப்பு ஓடும் தடம். இருபுறமும் வெள்ளை நுரை உடைய, நடுவில் கறுத்தோ கலங்கியோ ஒரு பட்டை தெரியும். அதில் நுரையும் சருகும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பையனின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கல்லை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் அந்தப் பட்டை தெளிவாகத் தெரிகிறது. ஒரு மாலைச்சரம் அதில் மிதந்து வெளியே போகிறது.

தூண்டில் வளைவு இதை இன்னும் கூட்டுகிறது. தென்மேற்குப் பருவத்தில் நம் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக ஓடும். கல்லில் முட்டினால் போக இடமில்லாமல், கல்லை ஒட்டியே கடலுக்குள் திரும்பும். அதனால் ஆடி, ஆவணியில் கல்லின் தென்பக்கம் இழுப்பு. வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக மாறிவிடும். தை அமாவாசைக்கு வருகிறவர்கள் அஞ்ச வேண்டியது கல்லின் வடபக்கத்தை. இன்னொன்றும் உண்டு: தென்பக்கம் மணல் சேர்ந்து கரை அகலமாக, பார்க்க அழகாக இருக்கும். குடும்பங்கள் விரிப்பு விரித்து உட்காருவதும் அங்கேதான்.

அடுத்தது ஆறு. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிற ஆண்டுகளில் ஆடியில் கடைமடைவரை தண்ணீர் ஓடும். அதன்மேல் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் குறுகிய முகத்துவாரம் வழியாக ஆறும் உப்பங்கழியும் வடியும்போது அதுவே பெரிய இழுப்பாகிவிடும். அந்த வித்தியாசம் மிகுதியாக இருப்பது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம், சித்ரா பௌர்ணமி என்று நாம் கடலாடும் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஆண்டிலேயே அதிகக் கூட்டம் தண்ணீரில் இறங்கும் நாட்களும் ஆற்றுவாயில் ஓதம் வலுவாக ஓடும் நாட்களும் ஒன்றாக வருகின்றன. முழுக்குப் போடுவதை யாரும் கைவிட வேண்டாம். முகத்துவாரத்தையும் கல்லையும் விட்டு நன்றாகத் தள்ளிப்போய், முழங்கால் அளவில் உட்கார்ந்து தலைமுழுகினாலும் முழுக்குதான்.

இழுப்பின் வேகம் பல நேரம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கும். சில சமயம் இரண்டைத் தாண்டும். உலகின் முதல்தர நீச்சல் வீரர் 50 மீட்டரைக் கடக்க 21 விநாடி அளவில் ஆகிறது. அது விநாடிக்கு 2.5 மீட்டருக்கும் குறைவு. வலுத்த இழுப்பை எதிர்த்துக் கரைக்கு நேராக நீந்துவது நம்மால் ஆகாத காரியம். ஆனால் இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடையும் வரிசையைத் தாண்டினால் வலு குறைந்துவிடும். அதுவரை மல்லாந்து மிதந்து, சீராக மூச்சுவிட்டுக்கொண்டு, ஒரு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். 'கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்து' என்பது பொதுவான அறிவுரை. கல் ஒரு பக்கம் இருக்கும் இடத்தில் அது பாதிதான் பொருந்தும்: கல்லை நோக்கிப் போகக் கூடாது, எதிர்ப்பக்கம் போனாலோ கரையோர நீரோட்டம் எதிர்க்கும். அங்கே மிதப்பதுதான் முதல் வழி. நம் பிள்ளைகளுக்குக் குளத்தில் நீந்தக் கற்றுக்கொடுக்கிறோம், மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. இந்த இளைஞருக்கும் அது தெரியாது.

அடுத்தவர் பாய்வது

அந்த மீனவர் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் அன்று எனக்கு இரண்டு பேர் வந்திருப்பார்கள், அல்லது ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். 2022 அக்டோபர் 3 அன்று பூண்டி மாதா கோயிலுக்கு வந்தவர்களில் ஆறு பேர் கொள்ளிடத்தில் மூழ்கி இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் மாயனூரில் காவிரியில் இறங்கிய நான்கு பள்ளி மாணவிகள் இறந்தார்கள். ஒருவர் சறுக்க, காப்பாற்றப் போனவரும் சறுக்குவது நம் ஆறுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதும் ஆபத்து. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததை அமுக்கித்தான் மேலே வருவார், அது அண்ணனின் தோளானாலும்.

எறிய ஏதாவது இருந்தால் போதும். மூடிய காலிக் கேன், காற்றடைத்த டியூப், ஐந்தாறு காலித் தண்ணீர் பாட்டிலைக் கட்டிய பை, நீளமான புடவை. ஒருவர் மூழ்குகிறவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்டியபடி நிற்க வேண்டும். அலைக்குள் தலையைத் தொலைத்துவிட்டால் படகு வந்தும் பயனில்லை. இன்னொருவர் 108க்கும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கும் பேச வேண்டும். கடலோரக் காவல்படையின் எண் 1554.

விளையாட்டுக்கு வருகிறவர்கள்

படகுச் சவாரி, கயாக், காற்றடைத்த மிதவை என்று வருகிறவர்களும் நம் கரைகளில் கூடியிருக்கிறார்கள். மிதவைதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அப்போது கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும். டியூபில் படுத்த பிள்ளை சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும், பின்னால் நீந்திப் பிடிக்க முடியாது. டியூபையும் மிதவையையும் கயிறு கட்டாமல் கடலில் விடாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் எல்லாக் கொக்கியையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு சரியில்லை, தண்ணீரில் கழன்றுவிடும். குழந்தைக்குக் காலிடுக்கில் போகும் பட்டை கட்டாயம். ஆளுக்கொரு ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள், கூட்டம் அடைத்த படகிலும் ஏறாதீர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் கவிழ்ந்த படகில் 22 பேர் இறந்தார்கள்; அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்கலாம். முழுச் சிவப்புக் கொடி ஏறியிருந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது.

வெயில் நன்றாக அடிக்கிறது, காற்றில்லை என்பதை வைத்துக் கடலை எடைபோடவும் முடியாது. எங்கோ தெற்கே எழும் பேரலை நாட்கணக்கில் பயணித்து வந்து நம் கரையில் திடீரென ஏறும். கேரளக் கரையில் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் திருச்சியிலிருந்து போன ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை எச்சரிக்கை ஏற்கெனவே கொடுத்திருந்தது. அந்த மாணவர்கள் என்னைவிடச் சின்னவர்கள், என் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவர்கள். கிளம்புமுன் இன்காய்ஸ் எச்சரிக்கையைப் பாருங்கள். கரையில் இறங்கியதும் முதலில் தெரியும் மீனவரிடம் 'இன்னைக்குத் தண்ணி எப்படிண்ணே, எங்க இறங்கலாம்?' என்று கேளுங்கள். அந்த வலைக்காரரிடம் பிறகு பேசினேன். கல்லோரத்தில் இறங்கியவர்கள் யாரும் தன்னிடம் இதைக் கேட்டதே இல்லை என்றார்.

பிற்பாடு

மூன்றாம் வாரம் இளைஞர் பரிசோதனைக்கு வந்தார். எக்ஸ்ரே தெளிவாகிவிட்டது. ஆக்சிஜன் 98, படியேறினாலும் குறையவில்லை. ஞாபகமும் கவனமும் முன்போலவே இருக்கின்றன. தூக்கத்தில் மட்டும் திடுக்கிட்டு எழுகிறார். அதற்கு மனநல ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறேன். நீந்தலாமா என்று கேட்டார். குளத்தில் நீந்தலாம், ஆனால் முதலில் மல்லாந்து மிதக்கப் பழகச் சொன்னேன். பெரியப்பா மகனும் கூட வந்திருந்தார். இருவருக்கும் பொம்மையை வைத்து மூச்சு ஊதவும் நெஞ்சை அழுத்தவும் சொல்லிக்கொடுத்தோம். அந்த மீனவர் தெருவில் இப்போது கல்லின் நடுப்பகுதியில் கம்பு நட்டு, கயிறு கட்டிய இரண்டு கேன்களை மாட்டிவைத்திருக்கிறார்கள். நர்சிங் மாணவி தெருவில் பத்துப் பெண்களுக்கு முதலுதவி பழக்கிக்கொண்டிருக்கிறார். பொம்மையை அவருக்கு இரவல் தந்திருக்கிறோம்.